பெரியப்பாவின் சாரி காத்தா எங்கே போயிற்று?

உங்கள் வீட்டில் காது மந்தமான பெரியவர் யாராவது இருக்கிறாரா? இருந்தால் இந்தக் கட்டுரையைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். வீட்டில் கிடக்கும் பழைய வி.சி.டி., டி.வி.டி. வட்டுகளைப் பென் டிரைவில் ஏற்றித் தரச் சொல்லிக் கடைக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், கொடுப்பதற்கு முன் படியுங்கள். ஏற்கெனவே கொடுத்து வாங்கிவிட்டீர்களா? அப்படியானால் பழைய வட்டுகளை மட்டும் இன்னும் எறிந்துவிடாதீர்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

எங்கள் பெரியப்பா செம்பனை ஆலையில் 27 ஆண்டுகள் உழைத்தவர். முதலில் பாய்லர் பக்கம், பிறகு எண்ணெய் பிழியும் பிரஸ் பக்கம். ஆலைக்குள் ஒரு தடவை போய் வந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் நிற்பவனிடம் ஒரு வார்த்தை பேச வேண்டுமானாலும் காதோடு வாயை வைத்துக் கத்த வேண்டும். காதடைப்பான் கொடுத்தார்களோ, கொடுத்தும் இவர்தான் மாட்டிக்கொள்ளவில்லையோ, அதெல்லாம் பழைய கதை. ஓய்வு பெற்றபோது அவர் கையில் சேமநிதிப் பணம் இருந்தது. காதில் கேள்வி இல்லை.

(இடையில் ஒன்று. 8 மணி நேர வேலைக்கு 85 டெசிபல் சத்தம்தான் எல்லை என்று நம் நாட்டில் 2019 ஜூன் முதல் நடப்பில் உள்ள விதி சொல்கிறது. வேலையிடத்துச் சத்தத்தால் காது கெடுவது பெர்கேசோவில் இழப்பீடு கேட்கக்கூடிய தொழில் நோய்களில் ஒன்று. ஆலையில் வேலை செய்யும் பிள்ளைகள் இருந்தால் இதை அவர்கள் காதில் போட்டு வையுங்கள். காது கேட்கும்போதே!)

இப்போது அவர் பட்டணத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். பொழுதுபோக்கு என்றால் படம்தான். பழைய படங்களுக்கு அவருக்குக் காதே தேவையில்லை. 'திருவிளையாடல்' ஓடினால் தருமியாக வரும் நாகேஷ் வாயைத் திறக்கும் முன்பே இவர் வசனத்தைச் சொல்லிவிடுவார். 1965இல் வந்த படம். எத்தனை தடவை பார்த்தார் என்று அவருக்கே கணக்கில்லை. புதிய படங்கள்தான் பாடு. அவற்றுக்கு அவருக்குத் துணை சாரி காத்தா.

படத்தின் அடியில் ஓடும் மலாய் எழுத்தைத்தான் சொல்கிறேன். சப்டைட்டல் என்றும் சொல்வார்கள். பெரியப்பா தோட்டத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்தவர். மலாயை ஆலையில் கற்றுக்கொண்டார். காது போன பிறகு அந்த மலாய்தான் அவருக்குத் தமிழ் வசனத்தைக் கொண்டுவந்து கொடுக்கிறது. திரையில் தமிழன் பேசும் தமிழை, எதிரே உட்கார்ந்திருக்கும் தமிழர் மலாயில் வாசித்துச் சிரிக்கிறார். மற்றவர்கள் சிரித்து ஒரு விநாடி கழித்துத்தான் சிரிப்பார். ஆனால் சிரிப்பார்!

போன தீபாவளிக்கு முன்பு வீட்டு டி.வி.டி. கருவி செத்துப்போயிற்று. புதிதாக வாங்கிய தொலைக்காட்சியில் வட்டு போடும் வழியெல்லாம் கிடையாது. பென் டிரைவ் சொருகும் துளைதான் உண்டு. அண்ணன் மகன், அதாவது பெரியப்பாவின் பேரன், கெட்டிக்காரப் பையன். தாத்தாவின் வட்டுகளில் நாற்பதைப் பொறுக்கி எடுத்துக் கடையில் கொடுத்து, எல்லாவற்றையும் ஒரே பென் டிரைவில் ஏற்றி வாங்கி வந்துவிட்டான். சுண்டு விரல் அளவுச் சாமானில் நாற்பது வட்டு! வீடே மெச்சியது.

தீபாவளிக்கு முதல் நாள் இரவு அதைச் சொருகினார்கள். முதலில் ஒரு பழைய வி.சி.டி. படம். சாரி காத்தா வந்தது. பெரியப்பா திருப்தியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அடுத்தது ஒரு டி.வி.டி. படம். படம் துல்லியம், நிறம் பிரமாதம், பாட்டு அதிர்ந்தது. அடியில் எழுத்து மட்டும் இல்லை.

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிப் பார்த்தார். மறுபடியும் துடைத்தார். தன் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்துவிட்டார். கால் மணி நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து ஐந்தடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். ஒரு குறையும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கடைக்குப் போன் போட்டோம். "வட்டில் என்ன இருந்ததோ அதைத்தான் ஏற்றினோம்" என்றார்கள். சரி, வட்டையே போட்டுப் பார்த்துவிடலாம் என்று தேடினால், அண்ணி கையைப் பிசைந்தார். எல்லாம் பென் டிரைவில் ஏறிவிட்டதே என்று வட்டுகளை இரண்டு பையில் கட்டி, பழைய பேப்பர் லோரிக்காக வாசலில் வைத்திருக்கிறார். காலையில் லோரி வந்து ஒரு பையை எடுத்துப் போயிருக்கிறது. மற்றொன்று மழைக்கு ஒதுக்கிக் கார் அடியில் தள்ளி வைத்திருந்ததால் தப்பியது.

கடைக்காரர் பொய் சொன்னாரா? இல்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஒரே கடை, ஒரே கணினி, ஒரே நாள் வேலை. வி.சி.டி.யின் எழுத்து வந்து சேர்ந்தது, டி.வி.டி.யின் எழுத்து காணாமல் போனது. இது ஏன் என்று புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது.

எழுத்து எங்கே இருக்கிறது?

நாம் பார்க்கும்போது எழுத்து படத்தின் மேல்தான் இருக்கிறது. ஆகையால் அது படத்தோடு சேர்ந்தது என்று எண்ணிவிடுகிறோம். அங்கேதான் ஏமாறுகிறோம்.

வி.சி.டி.யில் அது உண்மையிலேயே படத்தோடு சேர்ந்ததுதான். 1993இல் வி.சி.டி.யின் அமைப்பை வகுத்தபோது எழுத்துக்கென்று தனி இடம் ஒதுக்கவில்லை. ஒரு வட்டில் 74 நிமிடப் படம் கொள்வதே பெரும்பாடு. அதனால்தான் ஒரு தமிழ்ப் படத்துக்கு இரண்டு, மூன்று வட்டு வந்தது. எழுத்து வேண்டுமானால் படத்தின் மேலேயே பதித்துவிட வேண்டும். கையில் பச்சை குத்திய மாதிரி. ஆள் எங்கே போனாலும் பச்சை கூடவே போகும். எந்த மக்குக் கணினி நகல் எடுத்தாலும் எழுத்து தப்பாது.

டி.வி.டி. அப்படியில்லை. அதில் படம் ஒரு பாதை, ஒலி ஒரு பாதை, எழுத்து ஒரு பாதை. ஒரே படத்துக்கு 8 ஒலிப்பாதையும் 32 எழுத்துப் பாதையும் வரை வைக்கலாம். மலாய், ஆங்கிலம், சீனம் என்று ரிமோட்டில் மாற்றிக்கொள்கிறோமே, அது இதனால்தான். இன்னொரு சங்கதி: டி.வி.டி.யில் இருக்கும் எழுத்து நிஜத்தில் எழுத்தே அல்ல. ஒவ்வொரு வசன வரியும் ஒரு சின்னப் படம். கல்யாண ஆல்பத்தில் புகைப்படத்தின் மேல் மெல்லிய கண்ணாடித்தாள் வைத்திருப்பார்கள் அல்லவா? அந்தத் தாளில் வசனத்தை எழுதிப் படத்தின் மேல் வைத்து, நேரம் முடிந்ததும் எடுத்துவிடுகிற வேலையை டி.வி.டி. கருவி செய்துகொண்டே இருக்கிறது. நகல் எடுப்பவன் புகைப்படத்தை மட்டும் உருவிக்கொண்டு தாளை ஆல்பத்திலேயே விட்டுவிட்டால்? பெரியப்பாவுக்கு நடந்தது அதுதான்.

கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை உண்டு. வட்டைக் கருவியில் போட்டு, ரிமோட்டில் சப்டைட்டல் என்றிருக்கும் பொத்தானை அழுத்துங்கள். எழுத்து மறைந்தாலோ மொழி மாறினாலோ அது தனிப் பாதை. நகல் எடுக்கும்போது தொலையக்கூடியது. எத்தனை அழுத்தினாலும் அசையாமல் நின்றால் பச்சை குத்தியது, கவலை வேண்டாம். பத்து விநாடி வேலை. நாங்கள் இதைச் செய்திருந்தால் அந்தப் பை லோரி ஏறியிருக்காது.

முந்தானை முடிச்சில் ஒரு காசு

மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது. நம் வீட்டுத் தமிழ்ப் படங்களில் அதைப் பார்ப்பது அரிது. ஆனால் அமெரிக்காவில் இருக்கும் உறவினர் ஆங்கில வட்டோ, பழைய கேசட்டோ அனுப்பியிருந்தால் அட்டையில் சி.சி. என்ற இரண்டு எழுத்தைக் காணலாம். குளோஸ்டு கேப்ஷன் என்பதன் சுருக்கம். காது கேளாதவர்களுக்காகவே உண்டாக்கப்பட்டது. இதன் கதை சுவையானது.

1972இல் பாஸ்டன் நகரத்து டபிள்யூ.ஜி.பி.எச். நிலையம், ஜூலியா சைல்டு என்ற அம்மாளின் பிரெஞ்சு சமையல் நிகழ்ச்சியைத் திரையிலேயே எழுத்தோடு ஒளிபரப்பியது. காது கேளாதவர்களுக்காக எழுத்தோடு தேசமெங்கும் போன முதல் அமெரிக்க நிகழ்ச்சி அது. சமையல் குறிப்பில் தொடங்கியது எனக்குப் பிடித்த விஷயம். உப்பு எவ்வளவு என்று எல்லோருக்கும்தான் தெரிய வேண்டும். ஆனால் எழுத்து எல்லார் வீட்டுத் திரையிலும் தெரிந்தது. காது கேட்பவர்கள் முகம் சுளிப்பார்கள் என்ற பயம் வந்தது. வேண்டியவர்களுக்கு மட்டும் தெரிய வழி என்ன?

அந்தக் காலத்துத் தொலைக்காட்சிப் படம் கோடு கோடாக வரையப்பட்டது. அமெரிக்க முறையில் மொத்தம் 525 கோடு. அதில் மேலே உள்ள சில கோடுகள் திரையில் தெரியாது. அவற்றில் 21ஆம் கோட்டை எடுத்து, அதற்குள் வசனத்தை ஒளித்து வைத்தார்கள். சேலை முந்தானையில் காசை முடிந்து வைப்பதுபோல! தெருவில் போகிறவனுக்குச் சேலைதான் தெரியும். முடிச்சை அவிழ்க்கத் தெரிந்தவளுக்குக் காசு கிடைக்கும். முடிச்சவிழ்க்க ஒரு தனிப் பெட்டி விற்றார்கள். 1980 மார்ச் 16 அன்று மூன்று ஒளிபரப்பு நிறுவனங்களில் இது தொடங்கியது. 1990இல் சட்டம் வந்தது. 1993 ஜூலையிலிருந்து அந்த நாட்டில் விற்பனைக்கு வரும் 13 அங்குலமும் அதற்கு மேற்பட்டதுமான தொலைக்காட்சிகளுக்குள்ளேயே முடிச்சவிழ்க்கும் சில்லு இருக்க வேண்டும் என்று ஆயிற்று.

பிரிட்டன் வேறு வழியில் போனது. அங்கே பி.பி.சி. 1974இல் தொடங்கிய டெலிடெக்ஸ்ட் என்ற எழுத்துப் பக்கச் சேவையில் 888ஆம் பக்கத்தை அழுத்தினால் வசனம் வரும். அதுவும் தெரியாத கோடுகளில் ஒளிந்து வருவதுதான். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். அமெரிக்க முடிச்சில் விநாடிக்கு ஏறத்தாழ 60 எழுத்துதான் போகும், நிதான நடை. சாதாரண வி.எச்.எஸ். கேசட் அதைச் சிந்தாமல் சிதறாமல் பிடித்துக்கொள்ளும். டெலிடெக்ஸ்ட் விநாடிக்கு ஏறக்குறைய 70 லட்சம் துணுக்குகளைக் கொட்டும். கேசட்டால் அந்த வேகத்தைப் பிடிக்க முடியாது. அமெரிக்கக் காது கேளாதவர் இரவு பதிவு செய்த நிகழ்ச்சியை மறுநாள் எழுத்தோடு பார்த்தார். பிரிட்டனில் இருந்தவர் சாதாரணக் கருவியில் அதையே செய்தால் படம் இருக்கும், எழுத்து இருக்காது. ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது எழுத்தைத் தொலைப்பது பென் டிரைவ் காலத்துப் புதிய நோய் அல்ல என்பதற்காகத்தான் இதைச் சொன்னேன்.

அமெரிக்க டி.வி.டி.களில் இந்த முடிச்சு படத் தகவலின் உள்ளேயே செருகப்பட்டிருக்கும். கணினி படத்தைப் புதிதாக நெய்யும்போது, சொல்லாவிட்டால் முடிச்சை விட்டுவிடும். எச்.டி.எம்.ஐ. கம்பி வழியாகவும் முடிச்சு போகாது. கருவியே அவிழ்த்துத் திரையில் எழுதினால்தான் உண்டு. உங்களிடம் அப்படி ஒரு வட்டு இருந்தால் கணினியில் வி.எல்.சி. என்ற இலவச மென்பொருளில் போட்டு, சப்டைட்டல் பட்டியலைத் திறந்து பாருங்கள். குளோஸ்டு கேப்ஷன் என்று தனியாகக் காட்டும். அதை வெளியே எடுத்து எழுத்துக் கோப்பாக்கித் தர சி.சி.எக்ஸ்ட்ராக்டர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது.

சி.சி.க்கும் சாரி காத்தாவுக்கும் உள்ள பெரிய வேறுபாட்டைச் சொல்ல மறந்தேனே! சாரி காத்தா, பார்ப்பவருக்குக் காது கேட்கும், மொழிதான் தெரியாது என்று எண்ணி எழுதப்படுவது. சி.சி. அப்படி எண்ணாது. கதவு தட்டும் சத்தம், தூரத்தில் நாய் குரைப்பது, யார் பேசுகிறார்கள் என்பது, எல்லாம் எழுத்தில் வரும். பெரியப்பா படம் பார்க்கும்போது அடிக்கடி கேட்கும் கேள்வி, "இவன் ஏன் திடீர்னு திரும்பிப் பார்க்கிறான்?" வெளியே கார் வந்து நின்ற சத்தம் கேட்டிருக்கும். சாரி காத்தா அதைச் சொல்லாது.

நாங்கள் பட்ட பாடு

தப்பிய பையில் பதினேழு வட்டு இருந்தது. அண்ணன் மகனும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கணினி முன் உட்கார்ந்தோம். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளை எடுத்துக்கொண்டோம். சொந்தமாகக் காசு கொடுத்து வாங்கிய வட்டுகள், வீட்டுக்குள் பார்க்க. பூட்டுப் போட்ட வட்டை அந்த மென்பொருள் தானாகத் திறக்காது. திறக்கும் வித்தையைச் சொல்லிக்கொடுப்பது இந்தக் கட்டுரையின் வேலை இல்லை.

முதல் தடவை ஒன்றையும் தொடாமல் ஓடவிட்டோம். எழுத்து வரவில்லை. கடையில் செய்ததும் இதுவாகத்தான் இருக்க வேண்டும். இரண்டாம் தடவை சப்டைட்டல் என்ற பக்கத்தைத் திறந்து, மலாய்ப் பாதையைத் தேர்ந்தெடுத்து, எம்.கே.வி. என்ற வகைக் கோப்பாக ஏற்றினோம். எம்.கே.வி. ஒரு நல்ல பெட்டி. படம், பல ஒலி, பல எழுத்து எல்லாவற்றையும் தனித்தனியாக அடுக்கி வைக்கும். கணினியில் எழுத்து அழகாக வந்தது. குதித்தோம். தொலைக்காட்சியில் சொருகினால், படம் ஓடுகிறது, எழுத்து இல்லை! வட்டிலிருந்து வந்த எழுத்துப் படங்களை எடுத்துக் காட்ட அந்தத் தொலைக்காட்சிக்குத் தெரியவில்லை. எம்.பி.4 கோப்பில் வைத்தாலும் பல தொலைக்காட்சிகளில் இதே தொல்லைதான்.

மூன்றாம் தடவை, எழுத்துப் பாதைக்குப் பக்கத்தில் இருந்த 'பர்ன் இன்' கட்டத்தைத் தொட்டோம். அதாவது படத்தின் மேலேயே சுட்டுப் பதித்துவிடு என்று கட்டளை. பச்சை குத்துவதுதான்! முழுப் படத்தையும் ஓடவிடாமல், ஆட்கள் வளவளவென்று பேசும் ஒரு அத்தியாயத்தை மட்டும் எடுத்துச் சோதித்தோம். இந்த யோசனையை முதலிலேயே செய்திருந்தால் இரண்டு மணி நேரம் மிச்சமாகியிருக்கும். சொருகினோம். வந்தது எழுத்து.

சுட்டுப் பதித்த எழுத்தை மறுபடி எடுக்க முடியாது, மொழியை மாற்ற முடியாது, ஒரு மொழிதான். பேத்திக்கு ஆங்கிலம் வேண்டும் என்றால் இன்னொரு நகல். ஆகவே என் முடிவு இது: தாத்தாவின் பென் டிரைவுக்குச் சுட்டுப் பதித்த நகல், பெட்டியில் பத்திரமாக வைக்க, ஒன்றையும் விடாத முழு நகல். டி.வி.டி.யைத் திறந்தால் வீடியோ டி.எஸ். என்ற ஒரு கோப்புறை தெரியும். அதை அப்படியே வெளி வன்தட்டில் நகல் எடுத்து வைத்தால் எழுத்து, ஒலி எல்லாம் இருந்தபடியே இருக்கும். ஒரு வட்டு அதிகம் போனால் 8.5 கிகாபைட், ஒரு டெராபைட் வன்தட்டில் நூறு வட்டுக்கு மேல் கொள்ளும். பழைய வட்டுகள் நிறம் மங்கிக் கெட்டுவருகின்றன. இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

கடையில் கொடுப்பவர்கள் கொடுக்கும்போதே, சாரி காத்தா கட்டாயம் வேண்டும், எந்த மொழியில் வேண்டும், படத்தில் பதித்தே வேண்டும் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். முதலில் ஒரே ஒரு வட்டைக் கொடுத்து வாங்கி, உங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் போட்டுப் பார்த்த பிறகு மிச்சத்தைக் கொடுங்கள்.

ஒரு வட்டில் மலாய் எழுத்தே இல்லை, ஆங்கிலம்தான். அது ஒரு ஆங்கிலப் படம். அதற்கான மலாய் எழுத்துக் கோப்பு ஒன்றை அண்ணன் மகன் எங்கிருந்தோ கொண்டுவந்தான். எஸ்.ஆர்.டி. என்பார்கள். மிகச் சாதாரணக் கோப்பு: ஒரு வரிசை எண், அதன் கீழே எழுத்து தோன்றும் நேரமும் மறையும் நேரமும், அதன் கீழே வசனம். அவ்வளவுதான். படக் கோப்புக்கும் இதற்கும் ஒரே பெயர் வைத்து ஒரே இடத்தில் போட்டால் பல தொலைக்காட்சிகள் தாமாகவே சேர்த்துக் காட்டும். தொடக்கத்தில் சரியாக இருந்தது. அரை மணி கழித்துப் பார்த்தால் வில்லன் பேசும்போது கதாநாயகியின் வசனம் ஓடுகிறது! என்ன காரணம்? சினிமாச் சுருள் விநாடிக்கு 24 படம் ஓடும். நம் நாட்டிலும் பிரிட்டனிலும் இருந்த பால் முறைத் தொலைக்காட்சிக்கு 25 வேண்டும். அதனால் பால் வட்டுகளில் படத்தையே சற்று வேகமாக ஓட்டிவிடுவார்கள். அமெரிக்க வட்டுக்கு எழுதிய எழுத்தை இதில் போட்டால், இரண்டரை மணிப் படத்தின் முடிவில் ஆறு நிமிடம் பிந்தி வரும். சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருளில் வேகத்தை மாற்றும் வசதி உண்டு. ஒரு நிமிட வேலை.

தமிழிலேயே எழுத்து வேண்டும் என்பவர்களுக்கு ஒரு சொல். எஸ்.ஆர்.டி. கோப்பில் தமிழைத் தாராளமாக எழுதலாம், சேமிக்கும்போது யு.டி.எஃப்.-8 என்று தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனால் தொலைக்காட்சிக்குத் தமிழ் எழுத்துரு தெரியாவிட்டால் வெறும் கட்டம் கட்டமாகக் காட்டும். சுட்டுப் பதிப்பதே நிச்சயமான வழி. கைத்தொலைபேசியில் புலனம் வழியாகப் படம் அனுப்புகிறவர்களுக்கும் அதே சொல்தான். தனியாக நிற்கும் எழுத்து அங்கே கூட வராது.

இதையெல்லாம் கற்றுக்கொண்ட அண்ணன் மகனுக்கு ஒரு யோசனை தோன்றியது. பெரியப்பாவின் மணிவிழாவை யாரோ ஒருவர் வி.எச்.எஸ். கேசட்டில் எடுத்திருந்தார். அதைக் கணினிக்கு மாற்றி வைத்திருந்தோம். அதில் பெரியம்மா இருக்கிறார். அவர் போய் ஒன்பது ஆண்டு ஆகிறது. பெரியப்பா அந்தப் படத்தைப் பார்ப்பதுண்டு. பெரியம்மா பந்தியில் நின்றுகொண்டு வருகிறவர்களோடு வாயசைத்துப் பேசிக்கொண்டே இருப்பார். என்ன பேசுகிறார் என்பது இவருக்கு மட்டும் தெரியாது.

பையன் மூன்று இரவு உட்கார்ந்து கேட்டான். இரைச்சலுக்கு நடுவே பெரியம்மா சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் தமிழில் தட்டச்சு செய்தான். யாருக்குச் சோறு போதவில்லை, யார் குழந்தை அழுகிறது, ரசத்தை எங்கே வைத்தீர்கள், எல்லாம் அப்படியே. நாதஸ்வரம் வருகிற இடத்தில் நாதஸ்வரம் என்றும், பின்னால் யாரோ தட்டைக் கீழே போட்ட இடத்தில் தட்டு விழும் சத்தம் என்றும் எழுதினான். சுட்டுப் பதித்துத் தாத்தா முன் போட்டான்.

பெரியப்பா ஒன்றும் பேசாமல் முழுவதையும் வாசித்தார். ஓர் இடத்தில் மட்டும் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். பெரியம்மா அவரைப் பார்த்துச் சாப்பிடக் கூப்பிடுகிற இடம். "சாப்பிட வாங்க" என்று பையன் எழுதியிருந்தான்.

"தப்புடா ஐயா," என்றார் பெரியப்பா. "அவ 'வாங்க'ன்னு சொல்லமாட்டா. 'வாங்களேன்'னுதான் சொல்லுவா."

பையன் கணினிக்குப் போய், காதில் கருவியை மாட்டிக்கொண்டு, அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டான். பிறகு அந்த ஒரு வரியைத் திருத்தினான்.